சில நாள் சூரர், சில நாள் ஆளே காணோம்: இந்த ஆட்டக்காரரை என்ன செய்வது?

ஐஸ் ஹாக்கியைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்த ஆளைத் தெரியும். ஒரு ராத்திரி இரண்டு தடுப்பாட்டக்காரர்களை நின்ற இடத்திலேயே நிற்க வைத்துவிட்டுப் போய், கோல்கீப்பரின் தோளுக்கு மேலே பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) வலைக்குள் செருகுவார். அடுத்த ஐந்து ஆட்டங்களில் வர்ணனையாளர் அவர் பெயரைச் சொன்னதாகவே நினைவிருக்காது. சம்பளப் பட்டியலில் முதலிடம், ரசிகர்களிடம் வாங்கும் திட்டிலும் முதலிடம். "திறமை இருக்கு, மனசுதான் வைக்க மாட்டேங்கிறான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

அணி நிர்வாகத்தின் கையில் இருக்கும் வழிகள் அதிகமில்லை. சட்டையில் கேப்டனுக்கான 'சி' எழுத்தைத் தைத்துப் பொறுப்பு கொடுக்கலாம், ஏற்கெனவே இருந்தால் பிடுங்கலாம். ஆட்ட நேரத்தைக் குறைத்து பெஞ்சில் உட்கார வைக்கலாம். அணிக்குள்ளேயே அவருடைய வேலையை மாற்றலாம். கடைசியாக, வேறு அணிக்கு டிரேட் செய்துவிடலாம். வட அமெரிக்காவின் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் இந்த நான்கும் பெரிய பெயர்களின் மீதே நடந்து பார்த்தாகிவிட்டது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க ஊகம் தேவையில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைப்பு ஒரு கணக்கு, தலைமை வேறு கணக்கு. உழைப்பில் குறை என்று நினைத்துக்கொண்டு கேப்டன் பதவியில் கை வைப்பதும், தலைமை போதவில்லை என்பதற்காக நல்ல கோல்காரரை விற்பதும்தான் பெரும்பாலான தவறான முடிவுகளுக்கு வேர். ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எடுத்த முடிவு தப்பானால் அதைத் திரும்ப வாங்க முடியுமா?

முதலில், புகார் உண்மைதானா?

வழிகளுக்குப் போகும் முன் இங்கே கொஞ்சம் நின்றாக வேண்டும். பாதி வழக்கு இங்கேயே தள்ளுபடி ஆகிவிடும்.

ஒரு நல்ல முன்கள ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு மூன்று ஷாட் அடிக்கிறார், பத்தில் ஒன்று கோலாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஷாட்டிலும் முழு மனதோடு அடிக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் எந்த ஐந்து ஆட்டங்களை எடுத்தாலும் அவர் ஒரு கோலும் போடாமல் இருக்க ஏறக்குறைய 20 சதவீத வாய்ப்பு உண்டு. பத்து ஆட்டங்கள் வறண்டுபோக 4 சதவீதம். சிறிய எண்தானே என்று தோன்றும். ஆனால் 82 ஆட்ட சீசனில் இப்படி எட்டு பத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது வறண்டுபோகும் வாய்ப்பு 30 சதவீதத்தை நெருங்குகிறது. சோம்பலே இல்லாத ஒருவருக்கும் இதுதான் நிலைமை. ரசிகர்களும் பத்திரிகைகளும் 'ஃபார்ம் போச்சு' என்று புலம்பும் வறட்சிகளில் நிறைய இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

எனவே கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஷாட் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மூன்று ஷாட் மூன்றாகவே இருந்து கோல் மட்டும் நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். மூன்று ஒன்றாகக் குறைந்து, அந்த ஒன்றும் தூரத்திலிருந்து விட்டெறிந்ததாக இருந்தால், அப்போது கேள்வி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பிளஸ்-மைனஸ் என்ற எண்ணும் இதே மாதிரி ஏமாற்றும். ஒருவர் களத்தில் இருக்கும்போது அவர் அணி கோல் போட்டால் பிளஸ் ஒன்று, வாங்கினால் மைனஸ் ஒன்று. 2013-14 சீசனில் வாஷிங்டன் அணியின் அலெக்ஸ் ஒவெச்கின் 51 கோல் போட்டார், லீக்கில் அதுதான் அதிகம். அதே சீசனில் அவருடைய பிளஸ்-மைனஸ் மைனஸ் 35. 'கோல் போடுவான், ஆனால் அவனால் அணி தோற்கிறது' என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டவர்கள் பலர். கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால் சாட்சி தடுமாறும். பவர்பிளேயில், அதாவது எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்தில், அடித்த கோலுக்குப் பிளஸ் கிடையாது. அவருடைய 51-ல் 24 கோல் பவர்பிளேயில் வந்தவை. அணி பின்தங்கியிருக்கும்போது கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதல் ஆளை இறக்குவார்கள். அப்போது காலி வலையில் எதிரணி போடும் கோலுக்கு மைனஸ் உண்டு. அந்தக் கடைசி நிமிடங்களில் களத்தில் இருப்பது யார்? கோல் போடத் தெரிந்த இவர்தான். அவர் தடுப்பாட்டத்தில் சுத்தமானவர் என்று நான் சொல்லவில்லை. பக் பறிபோனதும் அவர் சாவகாசமாகத் திரும்பி வந்த காட்சிகள் அந்த ஆண்டு ஏராளம். குறை உண்மை, 35 என்ற எண் அந்தக் குறையின் அளவு இல்லை.

மூன்றாவது, காயம். 2004 ப்ளே-ஆஃபில் பாஸ்டன் அணியின் கேப்டன் ஜோ தோர்ன்டன் மான்ட்ரியலுக்கு எதிராக ஏழு ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கோலும் இல்லை, அடுத்தவர் கோலுக்குக் கைகொடுத்த அசிஸ்டும் இல்லை. 'முக்கியமான நேரத்தில் காணாமல் போகிறவர்' என்ற முத்திரை அன்று விழுந்தது. அவர் ஆடியது விலா எலும்புக் காயத்தோடு. ப்ளே-ஆஃப் நேரத்தில் ஹாக்கி அணிகள் காயத்தை மறைப்பது வழக்கம், எதிரணிக்குத் தெரிந்தால் அங்கேயே குறி வைத்து மோதுவார்கள். ஆகவே வெளியில் இருந்து பார்ப்பவருக்கு வலியும் மெத்தனமும் ஒரே மாதிரிதான் தெரியும். நிர்வாகத்துக்கு அந்தச் சாக்கு இல்லை, மருத்துவ அறிக்கை அவர்கள் மேசையில்தான் இருக்கிறது.

சரி, இதையெல்லாம் கழித்த பிறகு உழைப்பை எதில் பார்ப்பது? நான் பார்ப்பது பக் இல்லாத நேரத்தை. பக் பறிபோனதும் முதல் மூன்று அடிகள் எப்படி விழுகின்றன? கட்டையைத் தாழ்த்தி உடனே திரும்புகிறாரா, தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்க்கிறாரா? பக் இருக்கும் இடத்துக்கு வந்ததும் பனி சிதற நின்று, திசை மாறி மறுபடி பாய்கிறாரா, நிற்காமல் பெரிய வட்டமாகச் சுற்றி வருகிறாரா? இந்த வட்டம் பயிற்சியாளர்களுக்கு எரிச்சலூட்டும் சமாசாரம். வட்டமடிப்பவர் வேகமாகத்தான் போவார், ஆனால் பக் இருக்கும் இடத்தில் இருக்க மாட்டார். நின்று பாய்வதற்குத் தொடையில் வலி எடுக்கும், வட்டத்துக்கு எடுக்காது. என்ஹெச்எல் 2021-22 முதல் ஆட்டக்காரர்களின் அசைவை உணரிகள் மூலம் பதிவுசெய்கிறது. 2023 முதல் வேகம், தூரம் போன்ற எண்களைப் பொதுமக்களும் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் வட்டமடிப்பவரும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார் என்பதுதான் சிக்கல்.

இன்னொன்று ஷிஃப்ட் நீளம். ஹாக்கியில் ஒருவர் முக்கால் நிமிடம் முழுமூச்சாக ஆடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். ஒரு நிமிடம் இருபது, முப்பது வினாடி என்று இழுப்பவர், அடுத்த தாக்குதலில் தனக்கு ஒரு வாய்ப்பு வரும் என்று களைப்போடு காத்திருக்கிறார். அந்த நேரத்தில் எதிரணி வேகமெடுத்தால் திரும்பி ஓடக் காலில் தெம்பு இருக்காது. சோம்பேறி என்று பெயர் வாங்குகிறவர்களில் பலர் உண்மையில் பேராசைக்காரர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

நீண்ட கால்களை வீசி வழுக்கிப் போகிறவர் எவ்வளவு வேகத்தில் போனாலும் சும்மா போவது போலவே தெரியும். குட்டைக் காலை அடித்து ஓடுகிறவர் பாவம், உயிரைக் கொடுக்கிறார் என்று தோன்றும். ரஷ்யாவிலிருந்து வந்தவராக இருந்தால் 'புரியாத புதிர்' என்ற பட்டம் இலவசம். கண் சொல்வதை அப்படியே நம்பினால் இந்த அநியாயமும் சேர்ந்தே வரும்.

கேப்டன் எழுத்து: கொடுப்பதும் பிடுங்குவதும்

'பொறுப்பு கொடுத்தால் திருந்திவிடுவான்' என்று கல்யாணப் பேச்சில் சொல்வது போலத்தான் ஹாக்கியிலும் சொல்கிறார்கள். டாம்பா பே அணி 1998-ல், இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்வுசெய்யும் டிராஃப்டில், முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த வின்சென்ட் லெகவலியேவை 2000 மார்ச்சில் கேப்டனாக்கியது. வயது 19. லீக் வரலாற்றில் அதுவரை அவ்வளவு இளைய கேப்டன் இருந்ததில்லை. அணி தோற்றுக்கொண்டே இருந்தது, பையன் தடுமாறினார். பயிற்சியாளர் ஜான் டார்டரெல்லாவோடு உரசல். 2001-ல் எழுத்து போய்விட்டது. பின்னால் அது மூத்த ஆட்டக்காரர் டேவ் ஆண்ட்ரேசுக்கிடம் போனது. 2004-ல் டாம்பா லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது கோப்பையை முதலில் தூக்கியது அவர்தான். லெகவலியே அந்த அணியின் முக்கியத் தூண்களில் ஒருவர். 2006-07-ல் 52 கோலுடன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தபோதும் அவர் சட்டையில் 'சி' இல்லை. 2008-ல்தான் மறுபடி வந்தது.

இதை வைத்து 'பிடுங்கினால் பலன் உண்டு' என்று முடிவு கட்டக் கூடாது. ஆறு வருடத்தில் ஒரு பையன் ஆளானார், பக்கத்தில் வழிகாட்ட ஒரு மூத்தவர் இருந்தார். பிடுங்கியதன் பயன், அவர் தோளில் இருந்த சுமை இறங்கியது. அவருக்குச் சூடு போட்டதால் பயன் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சான் ஹோசே அணி 2014-ல் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கு எதிரான ப்ளே-ஆஃப் தொடரில் 3-0 என்று முன்னிலையில் இருந்து தொடரையே கோட்டை விட்டார்கள். ஆகஸ்டில் தோர்ன்டனின் கேப்டன் எழுத்தை எடுத்தார்கள். பாஸ்டனில் பார்த்த அதே தோர்ன்டன்தான், 2005-ல் இங்கே வந்தவர், அப்போது 35 வயது. அந்த இடத்தில் வேறு யாரையும் வைக்கவும் இல்லை. அடுத்த சீசன் முழுக்க கேப்டன் இல்லாத அணி, உள்ளே மனக்கசப்பு, ப்ளே-ஆஃபுக்கே போகவில்லை. 2015-ல் புதுப் பயிற்சியாளர் வந்து ஜோ பவெல்ஸ்கியைக் கேப்டனாக்கிய பிறகு 2016 இறுதித் தொடர் வரை போனார்கள். தோர்ன்டன் அந்த சீசனில் 82 புள்ளி எடுத்தார்.

இரண்டுக்கும் வித்தியாசம், எழுத்து எங்கே போனது என்பதில் இருக்கிறது. ஹாக்கி கேப்டனுக்கு வேலை நிறைய: நடுவரிடம் விதியைப் பற்றிப் பேச உரிமை உள்ளவர் அவர், பயிற்சியாளருக்கும் உடைமாற்றும் அறைக்கும் நடுவே தூது போகிறவர் அவர், தோற்ற இரவில் மைக்குகளுக்கு முன்னால் நிற்கிறவரும் அவர். இந்த வேலையைச் செய்ய இன்னொருவர் தயாராக இருந்தால் எழுத்தை மாற்றலாம். யாரும் இல்லாமல் தண்டனையாக மட்டும் பிடுங்கினால் காலி இடம்தான் மிஞ்சும். அதேபோல, இந்த வேலையில் எதுவும் ஒருவரைக் கூடுதலாகப் பின்னால் ஓட வைப்பதில்லை. உழைப்புக் குறைக்கு மருந்தாக 'சி' கொடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

பெஞ்ச்

சட்டென்று பலன் தெரிவது இதில்தான், கையில் இருப்பதில் மலிவானதும் இதுதான். 2011 நவம்பரில் வாஷிங்டனுக்கு வந்த டேல் ஹன்டர், அணி முன்னிலையில் இருக்கும்போது கேப்டன் ஒவெச்கினையே உட்கார வைத்தார். 2012 ப்ளே-ஆஃபில் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் ஒவெச்கினுக்குக் கிடைத்தது 13 நிமிடம் 36 வினாடி. வழக்கமாக இருபதைத் தாண்டி ஆடுகிறவர். அந்த ஆட்டத்தில் வெற்றி கோலைப் போட்டதும் அவர்தான்! அணி 3-2 என்று ஜெயித்தது. ஆனால் தொடரை ஏழாவது ஆட்டத்தில் தோற்றது, ஹன்டர் சீசன் முடிந்ததும் கிளம்பிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது, முடிவை மறுநாளே மாற்றிக்கொள்ளலாம் என்பது. பிடிக்காதது, பெஞ்ச் எதையும் கற்றுத்தருவதில்லை என்பது. எந்த ஷிஃப்டுக்காக, எந்தத் தவறுக்காக என்று வீடியோவைப் போட்டுக் காட்டிச் சொல்லிவிட்டு உட்கார வைத்தால் ஒரு ஆட்டத்தில் பலன் தெரியும். வாரக்கணக்கில் நீண்டால் அவமானம் மட்டுமே மிஞ்சும், விற்கப்போகிறீர்கள் என்று மற்ற அணிகளுக்கும் தெரிந்துவிடும். விலை இறங்கும்.

வேலையை மாற்றுவது

அடுத்து வந்த ஆடம் ஓட்ஸ் ஒவெச்கினைத் திட்டவும் இல்லை, உட்கார வைக்கவும் இல்லை. இடது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். எதிரணிகள் அவருடைய இடது ஓரப் பாய்ச்சலை அதற்குள் மனப்பாடம் செய்திருந்தன. முதலில் தடுமாறினார். பிறகு 2012-13-ன் 48 ஆட்டக் குறுகிய சீசனில் 32 கோல் போட்டு, லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதை வாங்கினார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக 'மனசு வைக்க மாட்டேங்கிறார்' என்று பேசியது இவரைப் பற்றித்தான்.

ஆனால் அடுத்த ஆண்டுதான் அந்த மைனஸ் 35. இடத்தை மாற்றியதால் தாக்குதல் சரியானது, தடுப்பு சரியாகவில்லை. 2014-ல் பேரி ட்ராட்ஸ் வந்து அணி முழுவதற்கும் ஒழுங்கு வைத்து ஆடக் கற்றுக்கொடுத்த பிறகுதான் மீதி வந்தது. 2018-ல் கோப்பை, ப்ளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஒவெச்கினுக்கே. வாஷிங்டன் இவர் சட்டையில் இருந்த 'சி'யை 2010 முதல் ஒருமுறைகூடக் கழற்றவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இந்த வகையில் பழைய உதாரணம் டெட்ராய்டின் ஸ்டீவ் ஐசர்மன். 1988-89-ல் 155 புள்ளி எடுத்தவர். ஆனால் அணி கோப்பை பக்கம் போகவில்லை. 1993-ல் வந்த ஸ்காட்டி போமன் அவரிடம் கேட்டது குறைவான கோல், அதிகத் தடுப்பு. இடையில் அவரை ஒட்டாவாவுக்கு விற்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. விற்கவில்லை. 1997, 1998, 2002 என்று மூன்று கோப்பை, 2000-ல் சிறந்த தடுப்பாட்ட முன்கள வீரருக்கான செல்கி விருது. ஐசர்மனிடம் உழைப்பு என்றைக்கும் குறைந்ததில்லை என்பதால் இந்த உதாரணத்தை முழுதாக நீட்ட முடியாது. ஒரு நட்சத்திரம் முப்பது வயதை நெருங்கியும் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு மட்டும் இது போதும்.

வேலையை மாற்றுவதில் உள்ள குறை, பொறுமை வேண்டும். ஒரு இருபது, முப்பது ஆட்டம் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் பயிற்சியாளரின் வேலையே போய்விடலாம். அதனாலேயே நல்ல வழி என்று தெரிந்தும் பலர் இதைத் தொடுவதில்லை.

டிரேட்

ஃபில் கெசல் டொராண்டோவில் ஆறு சீசன் ஆடினார், இரண்டு முறை 37 கோல் போட்டார். உடற்பயிற்சியில் அக்கறை இல்லை, பத்திரிகையாளர்களைக் கண்டால் ஓடுகிறார், தலைவர் இல்லை என்று அவர் மீது குற்றச்சாட்டுகள். 2015 ஜூலை 1 அன்று பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே சிட்னி கிராஸ்பியும் எவ்கெனி மால்கினும் மூவர் சேர்ந்து இறங்கும் முன்கள வரிசைகளில் முதலிரண்டைத் தாங்கிக்கொண்டார்கள். கெசல் நிக் போனினோ, கார்ல் ஹேக்லினோடு மூன்றாவது வரிசையில் ஆடினார். 2016 ப்ளே-ஆஃபில் 24 ஆட்டத்தில் 22 புள்ளி, அணியிலேயே அதிகம். கோப்பை. 2017-ல் மறுபடி கோப்பை. 2022 அக்டோபரில் இடைவிடாமல் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையில் லீக் சாதனையை முறியடித்தார், கடைசியில் அது 1,064-ல் நின்றது. ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாமல் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஆடியவருக்கு உழைப்பு இல்லை என்று இன்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

கெசல் மாறவில்லை, அவரிடம் கேட்கப்பட்டது மாறியது. டொராண்டோ அவரிடம் கோலும் கேட்டது, தலைமையும் கேட்டது. பிட்ஸ்பர்க் கோல் மட்டும் கேட்டது.

அதற்காக டொராண்டோ முட்டாள்தனம் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். அவர்கள் அணியையே தரைமட்டமாக்கிப் புதிதாகக் கட்டப்போகிறவர்கள், 27 வயது கோல்காரர் அதற்கு இடைஞ்சல். அடுத்த சீசனில் கடைசி இடம் பிடித்து, 2016-ல் ஆஸ்டன் மேத்யூஸை முதல் ஆளாக எடுத்தார்கள். ஆனால் விலை உண்டு: கெசலின் ஆண்டுச் சம்பளம் 80 லட்சம் டாலரில் 12 லட்சத்தை ஒப்பந்தம் முடியும் வரை, ஏழு சீசன், டொராண்டோவே தன் சம்பள வரம்புக் கணக்கில் (ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் உச்சவரம்பு) சுமந்தது.

தோர்ன்டனைப் பாஸ்டன் விற்ற கதை இதைவிடக் கசப்பு. 2005 நவம்பர் 30 அன்று சான் ஹோசேக்கு மூன்று பேருக்குப் பதிலாக அனுப்பினார்கள். அந்த சீசன் முடிவில் அவர் 125 புள்ளியோடு லீக்கில் முதலிடம், ஹார்ட் விருதும் அவருக்கே. சீசன் நடுவில் அணி மாறியவர் அந்த விருதை வென்றது அந்த ஒருமுறைதான். அதே பாஸ்டன் 2013-ல் 21 வயது டைலர் செகினை டாலஸுக்கு அனுப்பியது. ப்ளே-ஆஃபில் 22 ஆட்டத்தில் ஒரே கோல், ஒழுக்கம் பற்றிப் புகார். அடுத்த சீசனில் செகின் 37 கோல், 84 புள்ளி.

நியாயமாகப் பார்த்தால், தோர்ன்டன் போன பிறகு காலியான சம்பள இடத்தில் ஸ்டேனோ சாராவைக் கொண்டுவந்து கேப்டனாக்கி, 2011-ல் பாஸ்டன் கோப்பை வென்றது. டிரேட் பலித்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கைமாறாகக் கிடைத்த மூவரால் வந்த கோப்பை இல்லை அது, மிச்சமான பணத்தை நன்றாகச் செலவழித்ததால் வந்தது.

என் கையில் முடிவு இருந்தால்

23 வயதுக்குக் கீழே என்றால் டிரேட் பேச்சே வேண்டாம், 'சி'யும் வேண்டாம். பக்கத்தில் ஒரு மூத்தவரை வைத்து, வரிசையையும் இடத்தையும் மாற்றிப் பார்ப்பேன். ஷிஃப்ட் நீண்டால் மட்டும், காரணம் சொல்லி, ஒரு ஆட்டத்துக்கு பெஞ்ச்.

27, 28 வயதில் நீண்ட ஒப்பந்தத்தோடு இருப்பவர் என்றால் முதல் வேலை, அவருக்கு மேலே அல்லது சமமாக ஒருவரைச் சேர்க்க முடியுமா என்று பார்ப்பது. முடிந்தால் கெசல் பிட்ஸ்பர்க்கில் ஆடியதை உங்கள் அணியிலேயே ஆடுவார். அவர் ஏற்கெனவே கேப்டனாக இருந்து, அறைக்குள் மற்றவர்கள் வேறொருவர் முகத்தைப் பார்க்கிறார்கள் என்றால், அந்த வேறொருவரிடம் எழுத்தைக் கொடுங்கள், அதுவும் கோடையில், சத்தமில்லாமல், முதலில் இவரிடம் நேரில் பேசிவிட்டு.

சேர்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை, அணி இன்னும் நான்கு வருடத்துக்குக் கோப்பைப் பக்கம் போகாது என்றால் விற்கலாம். ஆனால் நல்ல சீசனுக்குப் பிறகு விற்க வேண்டும். மோசமான சீசன் முடிந்த கையோடு, ரசிகர்களின் கோபம் ஆறுவதற்குள் விற்பவர்களிடம்தான் மற்ற அணிகள் மலிவு விலை கேட்டு வருகின்றன. இன்னொரு கெடுவும் உண்டு. 27 வயது அல்லது ஏழு சீசன் தாண்டிய ஆட்டக்காரருக்கு, தன் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ள லீக் விதி இடம் தருகிறது. அந்த நிபந்தனையில் கையெழுத்துப் போட்ட பிறகு, எந்த அணிக்குப் போவது என்பதை அவர்தான் சொல்வார்.